சூடு முதலா, தண்ணீர் முதலா?

பாப்பிரெட்டிப்பட்டி பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"அப்பா ஓட்டிய 1984 மாடல் டாடா 1210 எஸ்.இ. லாரி. அவர் போன பிறகு விற்க மனசு வரவில்லை. எங்கள் மரவள்ளிக் கிழங்கை சேலத்துச் சேகோ ஆலைக்கு ஏற்ற மட்டும் வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக லோடோடு மஞ்சவாடி கணவாய் ஏறும்போது முள் சிவப்புக்குப் போகிறது. காலையில் ஒருமுறை, சேலத்தில் இறக்கிவிட்டு ஒருமுறை தண்ணீர் நிரப்புகிறேன். அப்படியும் போய்த் திரும்பினால் மொத்தம் இரண்டு லிட்டர் குறைகிறது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மேல் ஹோஸ் மாற்றியாயிற்று. 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று தெர்மோஸ்டாட்டையும் கழற்றியாயிற்று. இப்போது மெக்கானிக், ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், அலுமினிய ரேடியேட்டர் போடு, எல்லாம் சரியாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம், அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். ஹெட்டை இறக்குவது கடைசி வேலை. இறக்கிப் பார்த்து "கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு" என்று தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

சங்ககிரியில் முப்பத்தெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியை இங்கே பழைய ஆட்கள் இன்னமும் 'டாடா பென்ஸ்' என்றுதான் சொல்வார்கள். டாடாவின் லாரிக் கம்பெனியான டெல்கோவும் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் போட்ட கூட்டு 1969-லேயே முடிந்துவிட்டது, பேர் மட்டும் போகவில்லை. உங்கள் வண்டியில் 692 இன்ஜின் இருக்கலாம், நடுவில் யாராவது 697 மாற்றியும் இருக்கலாம். முதல் எண் ஆறு சிலிண்டர் என்பதற்கு, அடுத்த இரண்டும் சிலிண்டர் விட்டம், மில்லிமீட்டரில். எதுவாக இருந்தாலும் நான் சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார் இருக்கிறது: தண்ணீர் குறைகிறது, இன்ஜின் சூடாகிறது. தண்ணீர் குறைந்ததால் சூடாகிறதா, சூடானதால் தண்ணீர் குறைகிறதா? இதற்கு விடை தெரியாமல் எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. விடை கண்டுபிடிக்க ஆகும் செலவு ஒரு காலி எண்ணெய் கேன்.

ரேடியேட்டர் வாய்க்குப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழே இறங்கும், ஓவர்ஃப்ளோ குழாய். அதன் நுனியில் ஒரு ரப்பர் டியூப்பைச் செருகி, மறுமுனையை ஐந்து லிட்டர் எண்ணெய் கேனுக்குள் விடுங்கள். கேனைச் சேசிஸில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள், மூடியில் காற்றுப் போக ஒரு ஓட்டை போடுங்கள். பிறகு வழக்கம்போல லோடு ஏற்றிச் சேலம் போய்விட்டு வாருங்கள். வந்ததும் கேனைப் பாருங்கள்.

குறைந்த தண்ணீர் முழுக்கக் கேனில் இருந்தால் வண்டியில் எங்குமே ஓட்டை இல்லை. தண்ணீர் வாய் வழியாகத் துரத்தப்படுகிறது, அவ்வளவுதான். ஓடும்போது ரோட்டில் கொட்டிப்போகிறது, நின்ற இடம் காய்ந்து கிடக்கிறது. கேன் காலி, தண்ணீரும் காணோம் என்றால் அது வேறு கதை.

என் அனுபவத்தில் உங்கள் மாதிரிக் கடிதங்களில் பாதிக்கு மேல் கேன் நிறையும். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். தண்ணீர் சூடானால் பெருக்கும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி போகும்போது நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். இன்ஜினும் ரேடியேட்டருமாகச் சேர்ந்து 20 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் தளும்பத் தளும்ப ஊற்றினால், சூடேறியதும் அரை லிட்டருக்கு மேல் இடமில்லாமல் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். சேலத்தில் வண்டி ஆறினதும் பார்க்கிறீர்கள், குறைந்திருக்கிறது, மறுபடி தளும்ப ஊற்றுகிறீர்கள். திரும்பி வருவதற்குள் இன்னொரு அரை லிட்டர். ஆக இரண்டு லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் நீங்களே ஊற்றி நீங்களே கொட்டியது. புது வண்டிகளில் இதைப் பிடித்துவைக்கத் தனி டப்பா உண்டு. உங்களுடையதில் மேல் டேங்கில் விடும் வெற்றிடம்தான் டப்பா. ஆறின இன்ஜினில், வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, உள்ளே தெரியும் ட்யூப் நுனிகள் முழுகியிருக்கும் அளவோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் அப்படி ஓட்டிவிட்டு மீதிக் கணக்கைப் பார்ப்போம்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. சும்மா ஒரு மூடிதானே என்று நினைக்காதீர்கள். அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தம் பிடித்துவைக்கிறது. திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அரை கிலோ அழுத்தம் கொடுத்தால் 111 டிகிரி வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வெடித்த மூடி அந்தப் பதினொரு டிகிரியைத் தின்றுவிடும். வாங்கும்போது பழைய மூடியில் அச்சடித்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று கார் மூடி ஏதாவது போட்டால், நாற்பது வருட ஈயப்பற்று ஏதாவது ஒரு மூலையில் பிளந்துகொள்ளும்.

இனி தெர்மோஸ்டாட். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரனுக்குத்தான், நமக்குத் தேவையில்லை என்பது நம் லாரி உலகத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் தப்பு. தெர்மோஸ்டாட் இருக்கும் வீட்டிலிருந்து வாட்டர் பம்புக்கு ஒரு குட்டை ஹோஸ் இறங்குகிறது பாருங்கள், அது பைபாஸ். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தக் குறுக்கு வழியிலேயே சுற்றும். சூடேறியதும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது. திறக்கும் அதே அசைவில் அதன் அடித்தட்டு கீழே போய்ப் பைபாஸ் வாயை மூடுகிறது. திறப்பது மட்டுமில்லை, மூடுவதும் அதன் வேலை. அதைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்து கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேராக இன்ஜினுக்கே திரும்பும். சமவெளியில் இது தெரியாது. மஞ்சவாடியில், இரண்டாவது கியரில், பன்னிரண்டு டன்னை இழுக்கும்போது தெரியும். 'தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரம் கிடைக்காது, அதனால்தான் சூடு' என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது காரணமே இல்லை.

ஆகவே சரியான தெர்மோஸ்டாட்டை வாங்கி மாட்டுங்கள், அடித்தட்டு உள்ளதாகப் பார்த்து. மாட்டும் முன் வீட்டு அடுப்பில் சோதித்துவிடுங்கள். வால்வு வாயில் ஒரு தையல் நூலைக் கடிக்கவைத்து, நூலைப் பிடித்துச் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், சட்டி அடியில் படாமல். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், ஜுரம் பார்ப்பது அல்ல, 100 வரை காட்டுவது. தண்ணீர் 80-ஐ ஒட்டி வரும்போது வால்வு நூலை விடும், சாமான் தொப்பென்று அடியில் விழும். அந்த நேரத்து அளவு அதன் மேல் அச்சடித்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கொதித்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். புதுசிலும் பத்துக்கு ஒன்று எனக்கு அப்படி வந்திருக்கிறது.

ஆனால் இன்றே மாட்டிவிடாதீர்கள். அது வெளியே இருக்கும்போதே ஹெட் கேஸ்கட் சோதனையை முடித்துவிடலாம்.

வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து வாய் வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், பம்ப் சுற்றக் கூடாது. சுற்றினால் அது உறிஞ்சும் காற்றும் குமிழியாக வந்து ஏமாற்றும். ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே வாய்க்குள் பாருங்கள். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஆரம்பத்தில் அடைந்த காற்று நாலைந்து குமிழி வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உலைநீர் மாதிரி விடாமல் சரம் சரமாகக் குமிழி வந்தால், எங்கிருந்தோ காற்று தண்ணீருக்குள் புகுகிறது.

'எங்கிருந்தோ' என்றுதான் சொன்னேன், ஹெட்டிலிருந்து என்று சொல்லவில்லை. இங்கேதான் என் கதை. வருஷம் பல ஆகிறது. செங்கல் லோடு அடிக்கும் ஒரு டாடா வண்டி, உங்களுடையதைப் போலவே. வாயில் குமிழி கொப்பளித்தது. யோசிக்கவே இல்லை, ஹெட்டை இறக்கினேன், அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கும் பேஸிங் போட்டேன், புதுக் கேஸ்கட் வைத்து மூடினேன். ஓனருக்கு மூன்று நாள் வாடகை போயிற்று. ஸ்டார்ட் செய்தால் அதே குமிழி. அப்போதுதான் பட்டறையில் எடுபிடியாக இருந்த பையன், "அண்ணே, ஏர் டேங்க் திறந்தா பச்சத் தண்ணியா வருதுண்ணே" என்றான். பிரேக் காற்றுக்கான கம்ப்ரஸரின் ஹெட்டுக்கும் அந்த வண்டியில் தண்ணீர் லைன் ஓடியது. அதன் குட்டிக் கேஸ்கட் போய், கம்ப்ரஸர் காற்றைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. நூறு ரூபாய்கூட பெறாத கேஸ்கட். வாடகை நஷ்டத்தை நான்தான் பாதி கொடுத்தேன்.

அதனால் உங்கள் கம்ப்ரஸருக்கு இரண்டு தண்ணீர் ஹோஸ் போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால், இரண்டையும் கழற்றி, கம்ப்ரஸரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒரு குழாய்த் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சோதனைக்கு மட்டும்தான், இப்படியே வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். குமிழி நின்றால் குற்றவாளி பிடிபட்டான். நிற்கவில்லை என்றால் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டு ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். எந்த நட்டைத் தளர்த்தும்போது குமிழி அடங்குகிறதோ, அந்தச் சிலிண்டர் பக்கம் கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். அந்த பைப்பில் வரும் டீசல் அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பழகினவர் துணி சுற்றிச் செய்யட்டும், நீங்கள் குமிழியைப் பாருங்கள். ஆயில் கம்பியில் மோர் மாதிரி வெளுப்பு இருந்தால், இத்தனை சோதனையே தேவையில்லை, வண்டியை நகர்த்தாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

குமிழியே வரவில்லையா? ஹெட்டை மறந்துவிடுங்கள்.

கேன் காலி, குமிழியும் இல்லை, தண்ணீர் மட்டும் காணோம் என்றால் கசிவு வேட்டை. சூடான இரும்பில் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும், ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. தேட வேண்டியது உப்புக் கறை. நம் போர் தண்ணீருக்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு, காய்ந்த இடத்தில் வெள்ளையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். விடியற்காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது டார்ச்சோடு போங்கள். ஹோஸ் கிளிப் ஓரங்கள், ரேடியேட்டர் டேங்கும் கோரும் (நடுவில் இருக்கும் ட்யூப் வரிசை) சேரும் ஈயப்பற்று, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து வைத்திருக்கும் வட்டத் தகடுகள் (புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதையும் விடாதீர்கள்) எல்லாம் பாருங்கள். சில கிளிப்புகள் குளிரில் மட்டும் கசியும், சூட்டில் ரப்பர் பெருத்து அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் கடைக்காரரிடம் கைப்பம்ப் வைத்த சோதனை மூடி இருந்தால், இன்ஜினை ஓட்டாமலே அழுத்தம் ஏற்றிப் பார்க்கலாம். உங்கள் மூடியில் உள்ள எண்ணைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாட்டர் பம்பின் அடியில் பென்சில் நுழையும் அளவு ஒரு ஓட்டை இருக்கும். அதன் கீழ் கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்த ஓட்டையைப் பற்று வைத்து அடைத்துக் கொண்டுவந்த புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். அடைத்த தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் உடைந்தால் ஃபேன் நேராக ரேடியேட்டரைப் போய் அறுக்கும். ஃபேனை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பம்ப் செட்டை மாற்றுங்கள்.

சூட்டுப் பக்கம் வருவோம். முதலில் முள் சொல்வது நிஜமா? நாற்பது வருட மீட்டரை நம்பி முடிவெடுக்கக் கூடாது. துப்பாக்கி மாதிரித் தூரத்திலிருந்து சூடு காட்டும் கருவி ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கிறது. ஆனால் அதைப் பளபளக்கும் பித்தளை மேல் காட்டினால் பொய் சொல்லும். மேல் டேங்கிலும் கீழ் டேங்கிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். கணவாய் ஏறி முடித்து, ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் உடனே அளக்க வேண்டும். மேலே 80-லிருந்து 90-க்குள், கீழே அதைவிட ஆறிலிருந்து பத்து குறைவு என்றால் உங்கள் இன்ஜின் நலம், மீட்டர்தான் நோயாளி. வித்தியாசம் இருபதைத் தாண்டினால் தண்ணீர் ஓட்டம் மந்தம்: ட்யூப் அடைப்பு, அல்லது பம்ப் இறக்கை தேய்ந்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ். கீழ் ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். துருப்பிடித்து அது போயிருந்தால், ரேஸ் கொடுக்கும்போது பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் சப்பையாகும். ஒருவர் ரேஸ் கொடுக்க, நீங்கள் எட்டிப் பாருங்கள், கை விட வேண்டாம்.

மேலேயும் சூடு, கீழேயும் சூடு, வித்தியாசம் மூன்று நாலுதான் என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. இதில் நம் ஊர் பாடி கட்டுகிறவர்களுக்கும் நமக்கும் பங்கு உண்டு. முகப்பில் சாமி பெயர் எழுதிய தகடு, அதற்கு முன் விளக்கு வரிசை, அதற்கும் முன் கறுப்புக் கயிறும் எலுமிச்சையும் திருஷ்டி பொம்மையும். அழகுதான், ஆனால் அந்த இன்ஜின் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். தகட்டை ஒருநாள் கழற்றிவிட்டுக் கணவாய் ஏறிப் பாருங்கள், பூஜை செய்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கோரின் இடுக்குகளில் கிழங்கு மண் அடைந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், வேகமான பம்ப் வேண்டாம், கோரின் மெல்லிய தகடுகள் மடங்கும். ஃபேனைச் சுற்றிய கூண்டு இருக்கிறதா, எப்போதாவது ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கறும்புகை தள்ளினால் டீசல் பம்பில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அதுவும் சூடுதான்.

ட்யூப் அடைப்பு என்று தெரிந்தால் ஆசிட் ஊற்ற ஒருவரையும் விடாதீர்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் உப்பை மட்டும் பார்த்துத் தின்னாது, ஈயப்பற்றையும் சேர்த்தே தின்னும். மேல் டேங்கைப் பிரித்து ட்யூப் ட்யூபாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்த பழைய ஆட்கள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் செம்பு-பித்தளை ரேடியேட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் அப்படிப் பிரித்துப் பற்றவைக்கலாம். அலுமினிய ரேடியேட்டருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அது உங்களுக்கு வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகு போர் தண்ணீரைத் திரும்ப ஊற்றினால் செய்த வேலை வீண். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் நல்லது, துணியில் வடிகட்டிய மழைத்தண்ணீரும் பரவாயில்லை. மூன்றில் ஒரு பங்கு பழைய பச்சை ரகக் கூலன்ட் கலந்தால் துரு பிடிக்காது. தண்ணீர் உறையாத ஊரில் அதற்கு மேல் கலந்து பயனில்லை. ஒன்று மட்டும்: வடித்த கூலன்டைக் களத்தில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் கன்றுக்குட்டியும் நக்கும், நக்கினால் செத்துப்போகும். வழியில் கசிந்தால் மஞ்சள்தூள் போடுவது நம் டிரைவர்களின் கைவைத்தியம். வீடு வந்து சேர உதவும், ஆனால் வந்ததும் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் அதே மஞ்சள் ட்யூப்பையும் அடைக்கும்.

இதெல்லாம் முடியும்வரை கணவாயில் ஒரு கியர் குறைத்தே ஏறுங்கள். இன்ஜின் சுற்றினால்தான் ஃபேனும் பம்பும் சுற்றும், பெரிய கியரில் முக்கினால் சூடு மட்டும் ஏறும். முள் சிவப்புக்குப் போனால் ஓரங்கட்டி, அணைக்காமல் ஐடிலில் விடுங்கள். பீய்ச்சி அடித்துத் தண்ணீரே காலியாகியிருந்தால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். மூடியில் கை வைக்காதீர்கள். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு இருபது வயதில் அவசரப்பட்டதற்குக் கிடைத்தது. கொதிக்கும் பிளாக்கில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும், அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

கேனில் எத்தனை லிட்டர் சேர்ந்தது, டேப் மேல் என்ன அளவு காட்டியது என்று எழுதி அனுப்புங்கள். தெர்மோஸ்டாட் வாங்கும்போது அதன் வீட்டுக்கான கேஸ்கட் தாளையும் கூடவே வாங்கிவிடுங்கள், பழையது கழற்றும்போது கண்டிப்பாகக் கிழியும்.